கழிவறை இல்லாத படகு

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகு துறையை விட்டதும், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்:

"போட்ல கக்கூஸ் கிடையாது. தெரிஞ்சுதானே ஏறினீங்க?"

"நானா ஏறினேன்? குடல் புண்ணுக்கு மருந்து தர்ற டாக்டர், சாப்பாடு சொல்ற மேடம், பயத்தைப் போக்குற சாரு, ஆஸ்பத்திரியில போன் எடுக்குற சிஸ்டர், நாலு பேருமா உக்காந்து பேசி ஏத்திவிட்டாங்க."

"நோய் அடங்கியும், வழியில அவசரமா வந்துடுமோன்னு பயந்து வீட்டை விட்டு நகரலைன்னா வேற என்ன பண்ணுவாங்க? வயிறு எப்படி இருக்கு?"

"அது சும்மா இருக்கு. நான்தான் நடுங்கறேன்."

"தெரியுது. கையை மெதுவாப் பிடிங்க, வளையல் உடையப் போகுது."

எர்ணாகுளத்தில் இறங்கினோம்.

"அதோ கக்கூஸ், ஓடுங்க" என்றார் மனைவி.

"இருக்கட்டும். முதல்ல சிஸ்டருக்குப் போன் போடு. அந்த நாலு பேரும் என்னைவிடப் பயந்துகிட்டு இருப்பாங்க."