பார்சல் வாங்கின வீடு

இல்ல தம்பி, உங்கள திருடன்னு நான் சொல்லல. அப்படி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வந்துச்சா? நீங்க ஊருக்கு லீவுல போயிட்டு வரும்போது உங்ககிட்ட குடுத்து விட்ட பார்சல் ரெண்டு கிலோன்னு என் வீட்டுக்காரி போன்ல சொன்னா. லாண்டரி தராசுல வச்சா ஒன்னே முக்கா காட்டுது. அத மட்டும்தான் கேக்குறேன். உக்காருங்க. அந்தக் கட்டில் ஆடும், இந்தப் பக்கம் உக்காருங்க. ரூம்ல மத்த மூணு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க, நிதானமா பேசலாம்.

தராசு தப்பா? அந்தத் தராசுலதான் தம்பி தெனமும் ஓட்டல் பெட்ஷீட்டெல்லாம் எடை போட்டு மெஷின்ல போடுறோம். பதினோரு வருஷமா போடுறேன். என் கண்ணு பொய் சொன்னாலும் சொல்லும், அது சொல்லாது. டீ ஆறுது பாருங்க, குடிங்க. ஒன்னும் கலக்கல.

சோப்பா? ரெண்டு கட்டியா? பெட்டி எடை கூடுதுன்னு ஏர்போர்ட்டுல எடுத்துட்டீங்க. எடுத்து? உங்க மச்சான்கிட்ட குடுத்து அனுப்பிட்டீங்க. நல்லா குளிக்கட்டும். அத மொதல்லயே சொல்லித் தொலைஞ்சிருந்தா நான் ஏன் ராத்திரியெல்லாம் கால் கிலோவுக்கு கணக்குப் போட்டுக்கிட்டு கெடக்குறேன்? டிரைவர் வேலை பாக்குற மனுஷன், ஒரு சோப்புக்கு இப்படியா வேர்க்கும் உங்களுக்கு?

சிரிக்காதீங்க. இங்க சோப்பு இல்லாமலா இருக்கு, ஓட்டல்லேர்ந்து மூட்டையா வருது. ஆனா பதினோரு வருஷத்துல இங்க ஒருநாள்கூட குளிச்ச மாதிரி இருந்ததில்ல. தண்ணி மேல விழுது, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் கூடப் போச்சுன்னா வெளிய பக்கத்து ரூம் கொத்தனார் நின்னுக்கிட்டு கதவ ஒடைக்கிறான். எங்க வீட்டுல பின்பக்கம் தொட்டி. ஆற அமர உக்காந்து ஊத்திக்கிட்டே இருப்பேன். உள்ளேர்ந்து அவ, இன்னுமா முடியலன்னு ஒரு சத்தம் போடுவா. அந்தத் திட்டு வாங்கினாத்தான் எனக்கு குளிச்ச திருப்தி.

சரி, சோப்பு கதை முடிஞ்சுது. இப்ப பார்சல்ல வந்த இந்தத் துண்ட மோந்து பாருங்க. அட, பாருங்க, கடிக்காது. என்ன வாசனை? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இது வெயில்ல காஞ்ச துண்டு இல்ல. ரூமுக்குள்ள கொடி கட்டி ஃபேன் காத்துல காய வச்சது. துணி விஷயத்துல என்ன யாரும் ஏமாத்த முடியாது. எங்க கொல்லையில காலையிலேர்ந்து வெயில் அடிக்கும். உள்ள துணி காயப்போடுற வீட்டப் பாத்தாலே மூக்கப் புடிச்சுக்கிட்டுப் போறவ அவ. மழையா? மழையே இல்ல, உங்க வீட்டு போர் வத்திப்போச்சுன்னு வந்து எறங்கினதும் நீங்கதான பொலம்புனீங்க?

வாட்ச பாக்காதீங்க. உங்க டூட்டி ரெண்டு மணிக்குத்தான்னு சூப்பர்வைசர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன்.

ஒன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் போய்த்தான வாங்கினீங்க? வாசல் கேட்ட நீங்களே தெறந்தீங்களா? எப்படித் தெறந்துச்சு? சாதாரணமாவா? எங்க கேட்டு சாதாரணமா தெறக்காது தம்பி. தொட்டா போதும், தெருவே திரும்பிப் பாக்கும். எண்ணெய் விட்டுடாதன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன், ஆள் வர்றது தெரியணும்ல. தபால்காரர் ஒவ்வொரு தடவையும் என்னத் திட்டிட்டுத்தான் லெட்டரக் குடுப்பாரு. உங்க காதுல விழல. சரி, விடுங்க, வெயில்ல வந்த அலுப்பா இருக்கும்.

ஆனா நேத்து பார்சலக் குடுக்கும்போது பேச்சுவாக்குல ஒன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக்கு ஏறி எறங்குறதுக்குள்ள முட்டி கழண்டுடுச்சு அண்ணேன்னீங்க. நானும் சிரிச்சுட்டு வாங்கிக்கிட்டேன். அப்புறம் கட்டில்ல படுத்தப்பத்தான் ஒறைச்சுது. எங்க வீட்டுக்கு வாசல்ல ரெண்டே ரெண்டு படி. மாடியே கெடையாது. அந்த ரெண்டு படியிலயா உங்க முட்டி கழண்டுச்சு?

முழிக்காதீங்க தம்பி. உங்க மேல கோவம் இல்ல. இந்தச் சந்தேகம் உங்களால வந்ததும் இல்ல. ஆறு மாசமா இருக்கு.

எங்க கூடத்துல ஒரு பழைய ஃபேன். ஒவ்வொரு சுத்துக்கும் டிக்குன்னு ஒரு சத்தம் போடும். அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது. இங்க ஏசி போட்டா கொசு மாதிரி ஒரே ரீங்காரம். அதனால அவகிட்ட சொல்லி அந்தச் சத்தத்த போன்ல பதிஞ்சு அனுப்பச் சொன்னேன். தெனமும் காதுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். இந்தப் பசங்க என்ன ஃபேன் மாமான்னுதான் கூப்புடுவானுங்க. அந்தப் போன் மெஷின்ல துணியோட விழுந்து போயிடுச்சு. திரும்ப அனுப்புடின்னேன். நாலு நாள் கழிச்சு அனுப்புனா. டிக் இல்ல. கேட்டா, ரிப்பேர் பண்ணிட்டோங்கன்னா. பதினஞ்சு வருஷமா பண்ணாத ரிப்பேர்.

வீடியோவுல பேசும்போது பின்னாடி அதே பச்சை கர்ட்டன்தான் தொங்கும். ஆனா எங்க கர்ட்டனுக்கு வலது பக்கம் சுவிட்ச் போர்டு. இப்ப இடது பக்கம் இருக்கு. நான் கேக்கல. கேட்டா அவ ஏதாவது சொல்லுவா, நானும் நம்பணும்.

மொதல்ல கண்டதையும் நெனச்சேன். நீங்களும் பொண்டாட்டிய விட்டுட்டு வந்து கெடக்குறவர்தான், புத்தி எங்கெல்லாம் போகும்னு உங்களுக்குச் சொல்லணுமா? அப்படி நெனச்சதுக்கு இந்தக் கட்டில்லயே உக்காந்து நானே என்ன அறைஞ்சுக்கிட்டேன்.

நான் குடுத்த விலாசத்துக்கு நீங்க போகவே இல்ல. அதுக்குள்ள அவளே கூப்பிட்டு வேற விலாசம் சொல்லியிருக்கா. அப்படித்தான? தலைய ஆட்டுனா போதும். ம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணேன்னு கெஞ்சுனாளா? அழுதாளா? அழல. அழ மாட்டா, எனக்குத் தெரியும்.

தப்பு எம்மேலயும் இருக்கு. போன வருஷம் ஓட்டல்ல பாதி மாடிய மூடிட்டாங்க, எங்களுக்குப் பாதி சம்பளம்தான். அத நான் வீட்டுல சொல்லல. கை வலி, ஓவர்டைம் போகலன்னு பொய் சொன்னேன். அவ ஏன் கொறையுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. பொண்ணோட காலேஜ் ஃபீஸ எப்படிடி கட்டுனன்னு நானும் கேக்கல. எவ்வளவு கெட்டிக்காரின்னு ரூம்ல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு வெக்கமா இருக்கு தம்பி.

வீட்ட வித்துட்டாளா, வாடகைக்கு விட்டிருக்காளா, உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. அத அவ வாயால கேட்டுக்குறேன்.

பேனா வச்சிருக்கீங்களா? இந்தாங்க, இந்தப் பார்சல் அட்டையிலயே எழுதுங்க. அந்த வீட்டு விலாசம்தான். மூணாவது மாடியா? லிஃப்ட்டும் இல்லயா? ஐயோ, அவளுக்கு முட்டி வலியாச்சே. தண்ணி யாரு தூக்குறா?

எதுக்கா? ஒன்னுமில்ல, போன வாரமே இங்க வேலை போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு. வீட்டுல யாருக்கும் தெரியாது. கேட்டத் தள்ளினா அந்தச் சத்தத்துக்கு யாருன்னு கேட்டுக்கிட்டே வெளிய வருவா, அப்படியே நிக்கலாம்னு இருந்தேன். இப்ப டாக்சிக்காரன் எங்க போகணும்னு கேட்டா, நான் ஒரு எடத்தச் சொல்லணும்ல. கொஞ்சம் பெருசா எழுதுங்க தம்பி, என் கண்ணாடிக்குத் தெரியுற மாதிரி.