மொட்டைமாடியில் இறங்கிய ராக்கெட்

— திரிதான். சுத்திச் சுத்தி எப்படி வந்தாலும் உன் திரியிலதான் வந்து நிக்குது.

— நான் ரோட்டைப் பாக்கணும். திட்டுறதா இருந்தா வேனை நிறுத்தின பிறகு திட்டுங்க, விஞ்ஞானி.

— திட்டலம்மா, கணக்குப்படி பேசுறேன். பலூன் ராக்கெட்டைத் தூக்கிட்டு முப்பது கிலோமீட்டர் உயரம் போச்சா? போச்சு. நான் பொத்தானை அமுக்கினேனா? அமுக்கினேன். உத்தரவு கிடைச்சுதுன்னு ராக்கெட் பதிலும் சொல்லிடுச்சு. கணக்குப்படி பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு, திரி பத்தணும். பத்தல. பலூன் வெடிச்சு, பாராசூட் விரிஞ்சு, போன சாமான் அப்படியே திரும்பி வருது. இப்ப நாம அதைத் தேடிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறோம்.

— காத்தே இல்லாத ஜாடிக்குள்ள வெச்சு உங்க கண்ணு முன்னாடிதானே பத்தவெச்சுக் காட்டினேன்? ஒரு வருஷமா நம்ம அடுப்படியில ஒழுங்கா எரிஞ்சது அந்தத் திரி மட்டும்தான். சோறு கூட தீஞ்சுதான் போச்சு.

— ஜாடி வேற, வானம் வேற. அங்க இருக்குற குளிருக்கு உன் திரி விறைச்சுப் போயிருக்கும்.

— பாதுகாப்புப் பின்னை உருவி எடுத்தீங்களா?

— என்ன கேள்வி இது? இதோ, சட்டைப் பையில இருக்கு பாரு, சிவப்பு நாடாவோட. அந்தப் பின் இருக்குற வரைக்கும் திரிக்குக் கரன்ட் போகாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவனா?

— காலையில அந்த மூடுபனியில என் கையே எனக்குத் தெரியல, அதான் கேட்டேன். ஒத்திகை ராக்கெட்டையும் நிஜ ராக்கெட்டையும் ஒரே பெஞ்சுல படுக்கப் போட்டுட்டீங்க. ரெண்டும் ஒரே எடை, ஒரே பெயின்ட். தூக்கிட்டு வந்தவளுக்குத்தான் இடுப்பு போச்சு.

— பேச்சை மாத்தாத. அடுத்த தடவை திரியை வெளியில வாங்கிடலாம். ராக்கெட்ல வெச்சு அனுப்பக் கருவி குடுத்த காலேஜுக்கு மெசேஜ் கூட எழுதி வெச்சுட்டேன், திரியில கோளாறு, மாத்திடுறோம்னு.

— அனுப்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல. ராக்கெட் கைக்கு வரட்டும்.

— அனுப்புங்க, தாராளமா அனுப்புங்க. அன்னைக்கே நான் பழையபடி பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி எடுக்கப் போயிடுவேன். நீங்களே வேன் ஓட்டிக்கங்க, நீங்களே பலூன் பின்னாடி ஓடிக்கங்க. கோபத்துல சொல்லலங்க, நிஜமாவே வலிக்குது. வேற யாராவது சொல்லியிருந்தா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

— சரி, சரி, போன் அடிக்குது. ஹலோ, யாருங்க?

— தம்பி, நான் சலவைக்கடை வெச்சிருக்கேன். உங்க சாமான் ஒண்ணு எங்க மொட்டைமாடியில விழுந்து கிடக்கு. கண்டெடுத்தா கூப்பிடச் சொல்லி நம்பர் எழுதியிருந்துச்சு. எனக்கென்ன வந்தது, கூப்பிட்டுட்டேன்.

— ரொம்ப நன்றிக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், என் வீட்டுக்காரியும் கேட்டுட்டு இருக்கா. கடை எங்கக்கா இருக்கு?

— மேம்பாலத்தை ஒட்டி. ஓட்டல் பெட்ஷீட் எல்லாம் இங்கதான் காயுது. ஊர்ல இத்தனை மாடி இருக்கு, உங்க ஆரஞ்சு குடைக்கு என் கொடிதான் கிடைச்சுதா?

— அரை மணியில வந்துடுறோம்க்கா. அதுவரைக்கும் யாரும் அது பக்கத்துல போக வேண்டாம்.

— பக்கத்துலயா? நான் அதுமேல உக்காந்துதான் பேசிட்டு இருக்கேன்.

— எழுந்திருங்கக்கா. மெதுவா. ஆட்டாம எழுந்திருங்க.

— படி ஏறி வந்த களைப்பு தம்பி. சரி, எழுந்துட்டேன். ஏன், வெடிக்குமா?

— அது ராக்கெட்டுக்கா. வெடிக்காது, பாயும். பத்திக்கோன்னு உத்தரவு குடுத்தாச்சு, அது இன்னும் பத்தல. பேட்டரி உயிரோடதான் இருக்கு. ஆடுற ஆட்டத்துல ஒயர் எங்கயாவது சேர்ந்துச்சுன்னா கிளம்பிடும்.

— அங்கிருந்தே அணைச்சுடுங்களேன்.

— நாங்க சொல்றதைக் கேக்குற பெட்டி பலூனோட தனியாப் போய் எங்கயோ விழுந்துடுச்சு. கடையில யாராவது இருக்காங்களாக்கா?

— இஸ்திரி போடுறவங்க இருக்காங்க. இருங்க. ஏய், எல்லாரும் இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டு வெளியில போங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன், போங்க. ம், போயிட்டாங்க. ஆமா, ராக்கெட்டுக்கு எதுக்கு தம்பி பலூன்? அதுவே மேல போகாதா?

— அதை நான் சொல்றேன்க்கா. இவர்கிட்ட கேட்டீங்கன்னா பொழுது விடிஞ்சுடும். தரையில இருந்து விட்டா காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறதுலயே பாதி மருந்து தீந்துடும். மேல காத்து இல்ல. அங்க கொண்டுபோய் விட்டா சின்ன ராக்கெட்டே விண்வெளியைத் தொட்டுடும்.

— ஓ, பரண்ல இருக்குறதை எடுக்க ஸ்டூல் போடுற மாதிரி.

— அதேதான். இதைச் சொல்ல இவர் ஒரு புத்தகமே எழுதி வெச்சிருக்கார்.

— ரெண்டு பேரும் அப்புறம் சிரிங்க. அக்கா, நீங்களும் கீழ இறங்கிடுங்க.

— இறங்கலாம் தம்பி. ஆனா குடை காத்துல உப்புது. உங்க சாமானை இழுத்துக்கிட்டுக் கைப்பிடிச் சுவர்கிட்ட போகுது. அந்தப் பக்கம் தெரு. கடை ஆளுங்களைப் போகச் சொல்லிட்டேன், தெருவை எங்க போகச் சொல்றது?

— அக்கா, உங்ககிட்ட கொண்டை ஊசி இருக்கா?

— தலையிலயே இருக்கு. எதுக்கு தங்கச்சி?

— ஏம்மா, அவங்களை அதுகிட்ட போகச் சொல்றியா?

— எனக்கும்தான் பயமா இருக்கு. ஆனா தெருவுல விழுந்தா என்ன பண்ணுவீங்க?

— உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்து எனக்கெதுக்கு? என் மாடி, என் தெரு. என்ன செய்யணும்னு சொல்லு தம்பி.

— வாலுக்குப் பின்னாடி நிக்காதீங்க. மூக்குக்கு முன்னாடியும் நிக்காதீங்க. விலாப்பக்கமா வாங்க. நடுவுல மஞ்சள் வளையம் தெரியுதா?

— அந்த இடத்துல பெட்ஷீட் சுருட்டிக்கிட்டு இருக்கு. இருங்க, விலக்குறேன். நல்ல துணி, கிழிச்சுட்டானே பாவி. ம், தெரியுது.

— வளையத்தை ஒட்டிக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல கொண்டை ஊசியை முழுசா சொருகுங்க. அவ்வளவுதான். உள்ள போயிடுச்சுன்னா கரன்ட் அறுந்துடும், அப்புறம் அது வெறும் குழாய்.

— சொருக முடியாது தம்பி.

— ஊசி பெருசா இருக்காக்கா?

— ஊசி சரியாத்தான் இருக்கு. ஓட்டையிலதான் ஏற்கெனவே ஒரு கம்பி இருக்கு. சிவப்பு நாடா கட்டித் தொங்குது.

— இன்னொரு தடவை சொல்லுங்கக்கா.

— கம்பி. சிவப்பு நாடா. நாடாவுல என்னமோ எழுதியிருக்கு, கண்ணாடி இல்லாம... 'அனுப்பும் முன் எடுக்கவும்'.

— அப்ப என் பையில இருக்கிறது?

— பின்னாடி சீட்டுல படுத்திருக்கே ஒத்திகை ராக்கெட், அதோடது. திரும்பிப் பாருங்க, அதுல பின் இருக்கான்னு. மூடுபனி, விஞ்ஞானி.

— இல்லம்மா. அதுல இல்ல.

— அந்த மெசேஜ்?

— அழிச்சுட்டேன். இப்பதான் அழிச்சேன். மன்னிச்சுடும்மா.

— ஹலோ, லைன்ல இருக்கீங்களா? வேண்டாத கம்பின்னா சொல்லுங்க, எனக்கென்ன வந்தது, உருவிப் போட்டுட்டு என் ஊசியைச் சொருகிடுறேன்.

— தொடாதீங்கக்கா, கையை எடுங்க. உள்ள இருக்குறது என் திரி. கம்பியை உருவினா அடுத்த நொடி பத்திக்கும்.