பதிமூணாவது முட்டை

ஆமாம்மா, முட்டைதான். பச்சை முட்டை. பயப்படாதீங்க, உங்க மேல உடைக்க மாட்டேன். பஸ் இந்தக் குலுக்குக் குலுக்குது, பையில போட்டா நாசமாயிடும். அதான் கையிலயே வெச்சிருக்கேன்.

கடைசிப் பரீட்சை முடிச்சு வெளிய வர்றவங்க தலையில உடைச்சு, மாவையும் கொட்டுவாங்கல்ல, அந்த முட்டை. இல்ல இல்ல, எனக்கு மகனும் இல்ல, மகளும் இல்ல. பரீட்சைக்குப் போனதே நான்தான். நர்ஸ் படிப்பு. நாற்பத்தேழு வயசுல. சிரிங்க, பரவால்ல, நானும் சிரிச்சவதான்.

முன்னாடி நான் கட்டடத்துக்கு பிளான் போட்டுட்டிருந்தேன், அதுக்குன்னு படிச்சுப் பட்டம் வாங்கினவ. கம்பெனியை மூடிட்டாங்க. ரொசாரியோ ஊர் முழுக்க அலைஞ்சும் வேற வேலை கிடைக்கல. பட்டம் வாங்கினவங்க வேற தொழிலுக்குத் திரும்பிப் படிச்சா உதவித்தொகை தர்றாங்கன்னு எங்க வீட்டுக்காரர் ஒராசியோதான் எங்கயோ கேட்டுட்டு வந்தார். டாக்சி ஓட்டுறவர், ஊர்க்கதை பூரா அவர் வண்டியிலதான் ஏறும்.

பணம் மட்டும் இல்லம்மா. என்னை மாதிரி கிழடுங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு பொண்ணையும் போட்டாங்க. மைலேன்னு பேரு. சின்னப் பொண்ணு, ஆனா என்னையே பேர் சொல்லி அதட்டுவா. கிரிசெல்டா, செவுரு தப்பாப் போச்சுன்னா இடிச்சுக் கட்டலாம், கிட்னியை அப்படிக் கட்ட முடியாது, ஒழுங்காப் படிங்கன்னு.

கடைசிப் பரீட்சைக்குப் போகலன்னா தொகை நின்னுடும். போன வாரமே முடிஞ்சிருக்கணும், வாத்தியாருங்க ஸ்டிரைக் பண்ணிட்டாங்க. ஒராசியோ ஒரு டஜன் முட்டையும் மாவும் வாங்கிட்டு காலேஜ் வாசல்ல வந்து நின்னுட்டு, அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தார். முட்டை ஒரு வாரம் தாங்கும்டி, நீ தாங்குவியான்னு கிண்டல் வேற.

இன்னைக்கா? பாஸ்தான். வாயாலயே கேள்வி கேக்குற பரீட்சை, மார்க்கும் அங்கயே. என்ன கேட்டாங்கன்னே ஞாபகம் இல்ல. ஏதோ சொல்லியிருக்கேன் போல, பத்துக்கு ஒன்பது போட்டுட்டாங்க. வெளிய வந்தா வேற யாரோ ஒரு பொண்ணுக்காக அவ குடும்பமே மாவும் கையுமா நிக்குது. என்னைப் பார்த்துட்டு, நீங்க யாரோட அம்மா, சும்மா நிக்காதீங்க, அடிங்கன்னு இதைக் கையில திணிச்சுட்டாங்க. பாஸானதே நான்தான்னு சொல்லத் தோணல. முட்டையோடவே ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

மைலேன் வரலம்மா. இன்னைக்கு உங்க வீட்டுக்காரரோட முட்டைக் கச்சேரி, நான் எதுக்கு நடுவுல, நாளைக்கு வர்றேன்னுட்டா. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா ஆபீஸ்ல பேசி வேற தேதி வாங்கித் தந்திருப்பா. வாயில வரல. அதைச் சொல்லிட்டா படிச்சதெல்லாம் போயிடும்னு இருந்துச்சு.

ஒராசியோதான்மா. வெள்ளிக்கிழமை, டாக்சியிலயே. நெஞ்சுவலி. சிக்னல்ல நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கார் மனுஷன். சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டு வந்து, தண்ணி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பன்னண்டும் அப்படியே இருக்கு.

அழுகையா? இன்னும் வரல. வரும் போல.

இதோட பதிமூணு. ஒருத்திக்கு எதுக்கும்மா அவ்வளவு. நீங்க எங்க இறங்கணும்?