நேற்றைய அளவுக்குப் பந்து வாங்காதீர்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கோல்ஃப் மன்றத் தலைவர் அவர்களே, விடியுமுன் எழுந்து புல் வெட்டிப் பச்சைக் கம்பளம் விரிக்கும் திடல் பணியாளர்களே, முட்டி வலித்தாலும் மட்டையை முடக்கிவைக்காத மூத்தோரே, வீட்டு வேலையை விட்டெறிந்துவிட்டு விளையாட வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

பந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படியானால் நான் என் நாத்தனாரைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். சிரிக்கிறீர்களே... சிரிப்பவர்களுக்கெல்லாம் நாத்தனார் உண்டு என்று தெரிகிறது!

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். என் கணவரின் தங்கை பள்ளிச் சீருடை தைப்பவள். சனிக்கிழமை மாலையானால் இருவரும் இந்தத் திடலுக்கு வந்துவிடுவோம். அடடா, என்ன மாலைகள் அவை! தோளில் மட்டைப் பை, காலடியில் ஈரப் புல், வாயில் ஓயாத பேச்சு! வீட்டில் ஆயிரம் சண்டை இருக்கும். இங்கே வந்தால் ஒன்றும் நினைவிருக்காது.

அப்போதுதான் என் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து மட்டையைத் தூக்கினேன். கை உயர்ந்தது, வேகம் வரவில்லை. நான் என்ன செய்தேன்? சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாம்பியன்கள் அடிக்கும் பந்தை வாங்கினேன். பறந்ததா பந்து? பாதி வழி போனதா? கல்லை அடித்ததுபோல் கை அதிர்ந்தது; பந்து ஓடைக்குள் விழுந்தது. மூன்று சனிக்கிழமை, மூன்று பந்து, மூன்றும் தண்ணீரில்! மட்டைப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன்.

நாத்தனார் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாலை என்னை இழுத்துவந்து மூன்று பந்துகளை நீட்டினாள். கம்பெனிப் பெயர் தெரியாதபடி கறுப்பு மை பூசி, எண் மட்டும் போட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அடிக்கச் சொன்னாள். குழியருகே உருட்டவும் சொன்னாள். அத்தனை தடவையும் ஓடிப்போய்ப் பொறுக்கிவந்தவள் அவள்தான்! எது பிடித்தது என்றாள். இரண்டாவது என்றேன். மையைத் துடைத்தாள். கடை வாசல் கூடையில் கிடக்கும் மலிவுப் பந்து!

எனக்குச் சுருக்கென்றது. நான் அவ்வளவு இளப்பமாகிவிட்டேனா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"போன வருஷ அளவுக்குச் சட்டை தைச்சா எந்தப் புள்ளைக்குப் பொருந்தும், அண்ணி? உங்க கை இப்ப மெதுவா வருது. கெட்டிப் பந்துக்கு வேகம் வேணும். இது மெத்துனு இருக்கு, மெதுவா அடிச்சாலும் எழும்பும். தொலைஞ்சாலும் மனசு பதறாது. பதறாம அடிங்க."

அடித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், நாலே அடி தள்ளி விழுந்தது. அவள் கைதட்டவில்லை. என் தோளில் கைவைத்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். வலித்தது, தாய்மார்களே, ஆனால் அந்த வலியோடு இன்னும் பத்து அடி அடிக்கலாம் போலிருந்தது!

ஆகவே சொல்கிறேன்: இருபத்தைந்து வயதில் அடித்த அடிக்குப் பந்து வாங்காதீர்கள். இன்று காலை அடித்த அடிக்கு வாங்குங்கள்! விளம்பரம் சொல்வதையா கேட்பீர்கள்? விலைச்சீட்டு சொல்வதையா கேட்பீர்கள்? உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள்!

என் நாத்தனார் தன் மகளோடு வெளியூர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமைகளில் நான் தனியாகத்தான் ஆடுகிறேன். உங்களில் யாருக்கு வேகம் குறைந்திருக்கிறதோ, அவர்கள் வரும் சனிக்கிழமை என்னோடு வாருங்கள். பந்து பொறுக்க நான் ஓடுகிறேன்.

இவ்வளவு நேரம் என் கதையைக் கேட்ட உங்கள் அன்புக்கு நன்றி. வணக்கம்!