மூணு சுழி ண

உக்காருங்கக்கா, உங்க கல்யாணப் பத்திரிகை புரூஃப் வர இன்னுங் கொஞ்சம் நேரமாகும். சீசன்ல பட்டாசு லேபிளு ஆர்டரு குமிஞ்சு கெடக்கு, அதுக்கு நடுவுலதான் கல்யாணப் பத்திரிகையெல்லாம். ஃபேன இந்தப் பக்கம் திருப்பவா?

அட, உங்க போன்ல இருக்கிற படம், அந்தக் கட்டை அடுக்கி வீடு கட்டுற கேம்ல வர்ற வாளுதான? தெரியாமயா, நானும் ஆடுனவதான். நீங்க ஆட மாட்டீகளா? ஓ, மாப்பிள்ளை அனுப்புனதா. சரி சரி.

அது சும்மா கெடைக்கிற வாளு இல்லக்கா. கமாண்ட் அடிச்சு வரவைக்கணும். யாருக்குக் குடுக்கணும், வாளுக்கு என்ன பேரு, என்ன கலரு, கீள என்ன வரி, எம்புட்டு வெட்டுனாலும் உடையக் கூடாது, அம்புட்டையும் அடிக்கணும். ஒரு கமா விட்டாலும் செவப்பாக் காட்டிரும். ஒருத்தரு நமக்காக இதெல்லாம் அடிச்சாருன்னா, அம்புட்டு நேரமும் நம்ம நெனப்பாவே இருந்திருக்காருன்னுதான தோணும்?

எனக்கும் ஒருத்தரு குடுத்தாரு. கேம்லதான் பளக்கம். ஆமத்தூருக்காரரு. மீனா வாளுன்னு ஊதாக் கலர்ல எம் பேரு மின்னும். சீசன் முடியட்டும், வீட்டுல வந்து பேசுறேன்னாரு. இருக்கன்குடியில வச்சே சொன்னாருக்கா, அம்மன் சன்னதியில. அதை நம்பி, எங்கம்மா கொண்டாந்த வரனையெல்லாம் வேண்டாம்னேன்.

அளுகையெல்லாம் இல்லக்கா. மையி நெடி, கண்ணக் கரிக்கும்.

அந்தக் கமாண்ட ஒருக்கா அடிச்சு வச்சுக்கிட்டா போதும். பேர மட்டும் மாத்தி யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஒரே சரவெடிக்கு ஊருக்கு ஒரு லேபிளு ஓட்டுறோம்ல, அதே கததான். லேபிளு அடிக்கிற எனக்கே அது வெளங்கலக்கா. நல்லா ஏமாந்துட்டேன்.

இந்தா, புரூஃப் வந்துருச்சு. மாப்பிள்ளை மணிகண்டராஜ், ஆமத்தூர். சரிதான? பிளை இருந்தா இப்பவே சொல்லிருங்க, அச்சுல ஏத்திட்டா அம்புட்டுத்தான்.

அந்தப் போனையும் கொஞ்சம் பாருங்க. வாளுக்குக் கீள இருக்க வரிய வாசிங்க. உனக்கு மட்டும். உனக்குன்னா ரெண்டு சுளி ன தான வரும்? மூணு சுளி ண போட்டிருக்கு பாத்தீகளா?

நானும் எம்புட்டோ தடவ சொல்லிப் பாத்தேங்க்கா. அவரு திருத்தவே இல்ல.