காக்கா தொடாத தலைங்க

— ரோஸு, அழாம சொல்லு. நான் பொன்னேரி பஸ்லதான் இருக்கேன். நம்ம கருவாட்டுப் பொடியில இன்னா கலந்துடுச்சு?

— பேத்தை மீனு, நுஸைபாக்கா! பொடிமீனோட வலையில வந்திருக்குது. என் மருமவ வளர்மதி தோலை உரிச்சு, தலையைக் கிள்ளிப் போட்டுட்டு, மத்ததோட காய வச்சிருக்கா.

— விஷ மீனுன்னு தெரியாதா அவளுக்கு?

— திருப்பாலைவனத்துல நாத்து நட்டவளுக்கு இன்னாக்கா தெரியும்? வந்து ஒரு பொங்கல்கூட ஆவல. கேட்டா நான் சிரிப்பேன்னு வாயை மூடிக்கினு இருந்திருக்கா பாவி. குப்பையில அந்தத் தலைங்க கெடக்குது, ஒரு காக்கா கிட்டப் போவல. பாத்ததும் அவளைப் புடிச்சு உலுக்கினேன், அப்பதான் சொல்றா.

— யா அல்லாஹ்! அந்தப் பொடி எங்க இப்ப?

— காலையிலயே அரைச்சு அங்கன்வாடிக்கு அனுப்பிட்டாளே!

— ரோஸு! பிள்ளைங்க...

— என் பொண்ணு ஜெனிஃபரு அங்கன்வாடிக்கு ஓடியிருக்கா. போனை வைக்காதீங்க, அதோ வர்றா... அடியே, மூச்சை அப்புறம் வாங்கு, சொல்லு மொதல்ல!

— இன்னாடி சொல்றா? பேசேன்டி!

— கஞ்சியே காய்ச்சலையாம்க்கா! கேஸு தீந்துபோயி டீச்சரு இப்பதான் வெறகு தேடினு இருந்தாங்களாம். பொடியைப் பள்ளம் தோண்டிப் பொதைச்சுட்டாளாம். மாதாவே, என் தாயே!

— ஒரு பிள்ளை வாயிலயும் போவலையே? நல்லா கேட்டியா?

— போவலக்கா. ஒண்ணு வாயிலயும் போவல.

— அல்ஹம்துலில்லாஹ். ரத்தமில்லாம வெளுத்துக் கெடந்த பிள்ளைங்கடி... நம்ம ஏரி மீனே இதுங்களைத் தேத்தும்னு ஆராய்ச்சி பண்ணி, வீடு வீடா கெஞ்சி, என் பாதி ஆயுசு போச்சு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, எந்தத் தாய் இனிமே என்னை வாசப்படி ஏத்துவா?

— அதான் ஒண்ணும் ஆவலையே, வுடுங்க. இன்னாக்கா, பேச்சு கொழறுது? அழுவறீங்களா?

— இல்ல. பேத்தை தின்னா மொதல்ல இன்னா பண்ணும்?

— உதடு மரத்துப்போவும், நாக்கு தடிக்கும். அத்த ஏன் இப்ப கேக்கறீங்க?

— புதுப் பொடின்னா நான் மொதல் வாய் குடிச்சுதானே பிள்ளைங்களுக்கு... காலையில அந்தப் பொடி போட்டு வளர்மதி காய்ச்சின கஞ்சி ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுதான் பஸ் ஏறினேன். டிரைவர்கிட்ட போனைக் குடுக்கறேன், ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லு ரோஸு, எனக்கு வாய் வரமாட்டேங்குது.