பாறைக்குப் பழகியது

பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் மலையில் முதலில் பிடித்துப்போவது தண்ணீர்தான், ஐயா. வண்டியைவிட்டு இறங்கி ஒரு குவளை குடித்ததும், "ஆகா, என்ன ருசி" என்பார்கள். தண்ணீருக்கு ஏது ருசி? நானும் தலையாட்டுவேன். விருந்தினர் சொல்வதை மறுக்காமல் இருப்பதுதான் விடுதி நடத்துவதில் பாதி வேலை. மீதிப் பாதி, அவர்கள் எதைத் தேடி வந்தார்களோ அதைக் கண்ணில் காட்டுவது. எனக்குச் சிக்கல் வந்தது அதில்தான்.

எங்களுடையது சின்ன விடுதி. சமையல் என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போவார். விடுதி நிற்கிற இடமே அவர் தங்கைக்காக விட்டுக்கொடுத்ததுதான். அவரை எல்லோரும் 'மெதுவா அண்ணன்' என்பார்கள். கூட்டத்தைப் பார்த்து அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான். மெதுவா நடங்க, மெதுவா பேசுங்க, மெதுவா மூச்சு விடுங்க. நல்ல மனிதர். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அவரோடு போய்த் திரும்புகிறவர்கள் சில குருவிகளையும் ஏதோ ஒரு மிருகத்தின் கால்தடத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். வங்கி மேலாளர் ஒருவர் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டார். "மரத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" அவர் கேட்டதில் தப்பில்லை. ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார்: காற்று அருமை, விலங்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு அறைகள் காலியாகத் தொடங்கின. காலியான விடுதியை விற்றால் வாங்குகிறவன் மரத்தை வெட்டுவான், ஐயா. காட்டுக்கும் எனக்கும் அப்போது ஒரே கவலைதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டைப் பாறை. எங்கள் தாழ்வாரத்திலிருந்து நேராகத் தெரியும். சமையலறையில் மிஞ்சிய கோழிக் குடலையும் தோலையும் கறி எலும்பையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். முதலில் காட்டுப்பூனை வந்தது, பிறகு நரி. மழை ஓய்ந்த பிறகு ஒரு மாலை சிறுத்தை வந்தது. தாழ்வாரத்தில் இருந்த பல் மருத்துவர் ஒருவர் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டு, சுட்டது தெரியாமல் கண் கலங்கினார். "இது அதோட வழக்கமான வழிங்க" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் விடுதியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

தீனி வைக்கும்போது நான் எப்போதும் ஒரே கம்பளிக் கோட்டைத்தான் போடுவேன். கறி நாற்றம் மற்ற துணிகளில் ஏறக்கூடாது என்பதற்காக. சிறுத்தைக்கு அந்தக் கோட்டு பழகிவிட்டது. பாறைக்குப் போகும் வழியில் புதருக்குள் காத்திருக்கும். நான் வைத்துவிட்டு நகரும்வரை பொறுத்துக்கொள்ளும். மரியாதை தெரிந்த பிராணி.

மச்சான்தான் ஒருநாள் பாறையடியில் ஒரு எலும்பை எடுத்துவந்தார். அதில் கத்தி வெட்டு இருந்தது.

"மாப்ளே, இதென்ன வேலை?"

நான் மறைக்கவில்லை. சொன்னேன்.

"நேத்து கூட்டத்தோட போறேன், பின்னாடியே வருது. கைதட்டினேன், ஓடல. நின்னு பாக்குது. மனுசன்னா சோறுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களே."

"அதுபாட்டுக்கு வருது, போகுது. யாரையாவது தொட்டுச்சா மச்சான்?"

"தொட்ட பிறகு பேசி என்ன பிரயோசனம்? நீங்களே வன அலுவலகத்துல சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன். தங்கச்சி புருசன்னு பாக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சொன்னபடி செய்வார் என்று தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? கூண்டு வரும், சிறுத்தையைப் பிடித்துப்போவார்கள். ஒரு பாவமும் அறியாத பிராணி காலமெல்லாம் கம்பிக்குள் கிடக்கும். விடுதிக்குப் பூட்டு விழும். ஒரே ஒரு மனிதரின் பிடிவாதத்துக்காக இத்தனையும். நான் நிதானமாகத்தான் யோசித்தேன், ஐயா.

பாறையில் தீனி வைப்பதை நிறுத்தினேன். மச்சானுக்குச் சந்தோஷம். விருந்தினரிடம், அது வேறு பக்கம் போயிருக்கிறது என்றேன். அது எங்கும் போகவில்லை. விடுதியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஈரமண்ணில் தடத்தைக் காலையில் பார்ப்பேன். மச்சான் வருமுன் கூட்டிவிடுவேன். வன அலுவலகத்துக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், பாதி வழியில், ஊற்றுத் திருப்பம் இருக்கிறது. அங்கே மட்டும் கொஞ்சம் வைத்தேன். பசி தீரும் அளவுக்கு இல்லை. இடம் ஞாபகம் இருக்கும் அளவுக்கு.

பிறகு ஒரு மாலை அவரிடம் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி மச்சான். இன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க. அதிகாரி நாளைக்கு லீவுல போறாராம். விருந்தாளிங்க இருக்காங்க, இல்லேன்னா நானே போவேன்."

அவர் என் தோளைத் தொட்டார். "எனக்குத் தெரியும் மாப்ளே, நீங்க கெட்டவர் இல்ல" என்றார்.

மனைவி அடுப்படியிலிருந்து, "பொழுது சாயப்போகுதே, காலையில போகக்கூடாதாண்ணே?" என்றாள்.

"ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன். அதான் கொஞ்ச நாளா கண்ணுலயே படலையே."

வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. என் கோட்டை எடுத்து நானே மாட்டிவிட்டேன். அவருக்குக் கை நீளம் போதவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

சிறுத்தை மனிதனை அடித்தது என்று மறுநாள் எழுதினார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. என் மனைவி அழுதபோது நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியவந்தது ஒரு விருந்தாளியால். அன்று மாலை தாழ்வாரத்தில் இருந்த ஒரு ஆசிரியை, பள்ளத்திலிருந்து வந்த சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, 'காட்டின் குரல்' என்று தலைப்பிட்டு இணையத்தில் போட்டிருக்கிறார். காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு என் மனைவி அதைக் கேட்டாள். திரும்பத் திரும்பக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

எனக்குக் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. மலையில் எதிரொலி சொல்லைத் தின்றுவிடும். நீளமாக ஒரு 'ளே' மட்டும்தான் வந்துசேரும். என்னைத்தான் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை. இறங்கி ஓடியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. ஊற்றுத் திருப்பம் அப்படியொன்றும் தூரமில்லை.

விருந்தினர் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "என்ன சத்தம் அது?" என்று அந்த ஆசிரியை கேட்டார். "மானுங்க. சிறுத்தை நடமாடினா இப்படித்தான் கத்தும்" என்றேன். அவர் கைபேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மெல்ல, "பாவமா இருக்கே. போய்ப் பாக்க வேண்டாமா?" என்றார்.

"இயற்கையில நாம கைவைக்கக் கூடாதுங்க" என்றேன்.

சத்தம் ஓயும்வரை அப்படியே நின்றோம். பிறகு ஒரு பெரியவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் தம்பி, இந்தக் காடு பொழச்சுக்கும்" என்றார்.

படித்த மனிதர், ஐயா. அவருக்குத் தெரியாதா?